ஒரு பட்டன் செய்ய ஒரு வாரமா?

உங்கள் போனில் ஏதாவது ஒரு ஆப்பைத் திறந்து பாருங்கள். முதல் பக்கத்தில் 'அடுத்து' பட்டன் கரு நீலம். அடுத்த பக்கத்தில் வெளிர் நீலம். ஒன்றின் ஓரம் வட்டம், இன்னொன்று சதுரம். அப்படி இருந்தால், உள்ளே ஒவ்வொரு டீமும் தனித்தனியாக பட்டன் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரே கல்யாண வீட்டில் நாலு அடுப்புக்கு நாலு விதமாக சாம்பார் பொடி அரைப்பது மாதிரி!

இது பழைய தலைவலிதான். ட்விட்டரில் மார்க் ஓட்டோ, ஜேக்கப் தார்ன்டன் என்ற இருவர், அலுவலகத்துக்குள் பயன்படும் டூல்கள் ஆளுக்கொரு தினுசில் இருப்பதைச் சரிசெய்யத்தான் பூட்ஸ்ட்ராப்பை உருவாக்கினார்கள். 2011 ஆகஸ்டில் அது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது.

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனம். அங்கே டீம் லீடாக இருக்கும் பெண்ணுக்கும் அதே வேலை வந்தது. பட்டன், ஃபார்ம் கட்டம், காலண்டர் எல்லாவற்றையும் ஒருமுறை எழுதி ஓரிடத்தில் வைக்க வேண்டும். எல்லா டீமும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். 3 மாத கெடு. உதவிக்கு 2 ஃப்ரெஷர்கள். தென்காசிப் பக்கத்து இளைஞர் ஒருவர், சேலத்துப் பெண் ஒருவர். மீட்டிங்கில் லீடைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். டீக்கடையில் 'அக்கா'.

பட்டனை அவரே எழுதியிருந்தால் அரை நாள். அவர் அதை தென்காசிக்காரரிடம் கொடுத்தார். ஒரு வாரம் ஓடியது. "ஒரு பட்டனுக்கு ஒரு வாரமா?" என்றார் மேனேஜர். நியாயமான கேள்விதான்.

அந்த ஒரு வாரத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் 'சப்மிட்' 6 எழுத்து. தமிழில் 'சமர்ப்பிக்கவும்' 9 எழுத்து. பட்டனின் அகலத்தை முன்பே அளந்து வைத்திருந்ததால் வார்த்தை வெளியே பிதுங்கியது. அகலத்தைச் சரிசெய்து, ஊருக்குப் போனபோது அம்மா போனில் திறந்து பார்த்தார். அம்மா எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர். 'பி'யின் தலையும் 'வு'வின் காலும் வெட்டுப்பட்டிருந்தன. உயரத்தையும் கட்டிப்போடாமல், எழுத்துக்கு ஏற்ப வளரும்படி மாற்றினார். அப்புறம் நிறம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்கிறது சர்வதேச இணைய வழிகாட்டுதல். டிசைனர் கொடுத்த சாம்பல் நிறம் தேறவில்லை. கடைசியாக, பணம் கட்டும்போது பதற்றத்தில் 2 முறை அழுத்தினாலும் ஒருமுறைதான் போக வேண்டும். இவ்வளவும் ஒரு பட்டனுக்குள்!

சேலத்துப் பெண்ணின் கதை வேறு. அவர் எழுதிய முதல் கோடுக்கு லீட் 23 திருத்தம் போட்டார். எல்லாமே சரியான திருத்தங்கள். அந்தப் பெண் ரெஸ்ட் ரூமில் போய் அழுதுவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து லீட் முறையை மாற்றினார். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து 10 நிமிடப் பேச்சு, பிறகுதான் எழுத்தில் திருத்தம். 'இதை மாற்று' போய், 'இது ஏன் இப்படி?' வந்தது. தன் கோடையும் ஜூனியர்கள் பார்த்து ஓகே சொன்ன பிறகே சேர்த்தார். அவருடைய காலண்டரை கீபோர்டால் மூட முடியவில்லை என்று கண்டுபிடித்தது அதே சேலத்துப் பெண்தான். (சீனியரின் தப்பை ஜூனியர் சொல்ல முடிகிற அலுவலகங்கள் எத்தனை இருக்கின்றன?)

கெடு முடிந்தபோது, திட்டமிட்ட 20 பாகங்களில் 12தான் தயார். மேனேஜர் முகம் சுளித்தார். இன்னும் 2 மாதம் கேட்டு வாங்குவதற்குள் லீடுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

போன மாதம் அவர் ஒரு வாரம் லீவு. அப்போது பேமென்ட் டீம் சீனியர் ஒருவர், தங்கள் பக்கத்துக்கு மட்டும் பட்டன் உயரத்தைக் குறைத்துத் தரச் சொல்லி குரூப்பில் கேட்டார். தென்காசிக்காரர், பெரிய எழுத்தில் தமிழ் எப்படி வெட்டுப்படும் என்று 2 ஸ்கிரீன்ஷாட் போட்டு, "முடியாது சார், வேண்டுமானால் பக்கத்தில் உள்ள இடைவெளியைக் குறைத்துத் தருகிறேன்" என்று பதில் எழுதினார். லீட் அதை ரயிலில் போனில் படித்தார். ஏதோ டைப் செய்ய ஆரம்பித்து, அழித்துவிட்டு, போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.