வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்



பேராதனையில் சமூகவியல் படித்து முடித்து, சமூகப் பணியில் சேர்ந்த முதல் வருடம் அது, 2014. வன்னியில் கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு கண்டிக்கு வந்து சேர்ந்திருந்த ஓர் அக்கா, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் 10 பேர்ச் காணி வாங்க ஆயத்தமானார். தாலிக்கொடி விற்ற காசும், வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பிய காசும்தான் அவரது முதல். துணைக்கு என்னைக் கூப்பிட்டார்.

நொத்தாரிசு சிங்களத்தில் உறுதியை எழுதி வைத்திருந்தார். அதோடு நான்கு வரியில் இன்னொரு தாளும் இருந்தது.

"பிள்ளை, இது என்னத்துக்கு?" என்று அக்கா கேட்டார்.

நொத்தாரிசு கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாரும் வைக்கிற கையொப்பம்தான் அக்கா, வையுங்கோ" என்றேன். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். ஆனாலும் நான் வாசிக்கவில்லை.

ஏழு மாதத்தின் பின் வங்கியொன்றிலிருந்து ஆள் வந்தார். விற்றவர் அந்தக் காணியை முன்பே ஈடு வைத்திருந்தார். ஈடு காணிப் பதிவகத்தில் முறையாகப் பதிவாகியும் இருந்தது. நொத்தாரிசிடம் ஓடினோம். அவர் அந்தத் தாளை எடுத்து நீட்டினார். பதிவேடுகளைத் தேடிப் பார்க்க வேண்டாமென்று அக்காவே கேட்டுக்கொண்டதாக அதில் இருந்தது. அப்படியொரு தேடுதல் உண்டென்பதே அக்காவுக்குத் தெரியாது.

பிறகுதான் நான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். காணி விற்பனை செல்லுபடியாக வேண்டுமானால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டு முதல் உள்ள விதி. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நாம் அவரிடம்தான் போக வேண்டும். அதனால்தான் 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசு கட்டளைச் சட்டம் அவருக்குப் பல கடமைகளை விதித்தது. உறுதி எழுதுமுன் காணிப் பதிவகத்தில் தேட வேண்டும் என்பது ஒன்று. தேடுதல் வேண்டாமென்று தரப்பினர் எழுத்தில் கொடுத்தால் அது கட்டாயமில்லை என்ற விலக்கும் அதில் இருந்தது.

தாய் மகளுக்குக் காணி எழுதும்போது அந்த விலக்கு வசதிதான். ஆனால் பாஷை தெரியாத ஒரு விதவையிடம் விளக்காமல் அந்தக் கையொப்பத்தை வாங்கினால், அது யாருக்கு வசதி?

நொத்தாரிசு தம்மைக் காத்துக்கொள்வது குற்றமல்ல. ஆள்மாறாட்டத்துக்குப் பயந்து அடையாள அட்டையின் பிரதி கேட்கலாம். தெரிந்த சாட்சிகளைக் கேட்கலாம். அதெல்லாம் நமக்கும் காவல்தான். ஆனால் உறுதியை வாசிக்கத் தெரியாதவருக்கு, அதை வாசித்து விளக்குவதும் அதே சட்டம் சொல்லும் கடமை. தேடுதல் வேண்டாமென்ற தாள் அந்தக் கடமையைத் தீர்த்துவிடாது. சட்டத்தரணியாகவும் இருக்கும் நொத்தாரிசு தொழிலில் தவறினால், உயர் நீதிமன்றம் வரை முறையிடலாம்.

அக்காவை இலவச சட்ட உதவிக்கு அழைத்துப் போனேன். விற்றவரிடமிருந்து ஒரு பகுதிக் காசு திரும்பக் கிடைத்தது. மிச்ச ஈட்டை அக்கா தையல் மெஷினை மிதித்து நான்கு வருடத்தில் மீட்டார். என்னை ஒரு நாளும் குறை சொல்லவில்லை. "நீயும் சின்னப் பிள்ளைதானே" என்றார். அந்தச் சொல்தான் இன்றும் சுடுகிறது.

சகோதரிகளே, காணி வாங்குவதானால் முற்பணம் கொடுக்குமுன் பழைய உறுதியின் பிரதியோடு அந்தப் பகுதிக் காணிப் பதிவகத்துக்குப் போங்கள். கட்டணம் செலுத்திப் பதிவேட்டின் பிரதி கேளுங்கள். இங்கே சிங்களத்தில் அதைப் 'பத் இரு' என்பார்கள். ஈடு, வழக்கு ஏதும் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவுகிறது. கண்டியிலும் அதன் அலுவலகம் உண்டு.

கையொப்பம் வைக்குமுன், "இதைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தால் பார்க்கட்டும். பக்கத்தில் என்னைப் போல் ஒருத்தி, "பரவாயில்லை, வையுங்கோ" என்று சொன்னால், அவளையும் வாசிக்கச் சொல்லுங்கள்.