குலுக்கலில் வராத தெரு

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் கம்போங் என்கிற நெருக்கமான குடியிருப்புகள் பலவற்றுக்குள் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு நுழையக் கூடாது. சந்து முனையிலேயே 'இறங்கித் தள்ளி வரவும்' என்று பலகை தொங்குகிறது. எனக்கு மொழிபெயர்க்க வந்த கல்லூரி மாணவியும் நானும் அவளுடைய வண்டியைத் தள்ளிக்கொண்டு சோதே ஆற்றங்கரைச் சந்து ஒன்றில் இறங்கினோம். ஜனவரி மாதம். காலையில் கொட்டிய மழை ஓட்டு விளிம்புகளில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் யார் வீட்டு வாசற்படியிலாவது ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். ஆனால் அண்ணாந்து பார்த்தால் அந்த நெருக்கடி தெரியவில்லை. வீட்டுக்கு வீடு நெட்டைக் கம்பம், கம்பத்து உச்சியில் கூண்டு, கூண்டுக்குள் பெர்குதுத் என்கிற சின்னப் புறா.

ஜாவாக்காரன் ஒருவன் முழு மனிதன் ஆவதற்கு ஐந்து வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கு. விஸ்ம, வனித, துரங்க, சுரிக, குகில. மாணவி விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். முதல் சொல்லை மட்டும் அவள் விளக்க வேண்டியிருந்தது: வீடு. மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள். வனிதை, துரகம், சுரிகை, கோகிலம். கடல் தாண்டிப் போன இடத்தில் நிகண்டுச் சொற்கள் சந்துக்குள் உயிரோடு உலவுவதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. குதிரையும் குறுவாளும் இப்போது எல்லா வீட்டிலும் இல்லை. பறவை இருக்கிறது. பறவைக்குக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது. நான் இந்த ஊருக்கு வந்த காரியமும் அந்தக் கிண்ணத்தில்தான் இருந்தது.

என் தங்கை மகன் ஆறு வயதில் டெங்குவில் படுத்தான். தட்டணு எண்ணிக்கைத் தாளுக்காக ஐந்து நாள் காலையும் மாலையும் மருத்துவமனை நடையில் காத்திருந்தோம். ஒரு பக்கம் நிலவேம்புக் குடிநீர், இன்னொரு பக்கம் பப்பாளி இலைச் சாறு. எங்கள் தெருவில் புகை மருந்து அடித்தார்கள். மறுவாரமே கொசு திரும்பிவிட்டது. பிள்ளை பிழைத்தான். அன்றிலிருந்து டெங்கு பற்றி எதைப் பார்த்தாலும் விடாமல் படிப்பேன். அப்படித்தான், கொசுவை ஒழிக்காமல் வளர்த்துவிட்டு டெங்குவைக் குறைத்த ஊர் ஒன்று இருக்கிறது என்று தெரியவந்தது.

நாங்கள் பார்க்கப் போன அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அங்கே வயதில் பெரிய பெண்களை 'இபு' என்பார்கள்; அம்மா என்று அர்த்தம். அவர் என்னை 'ம்பக்' என்றார். நம் அக்கா மாதிரி. இருபது வருஷத்துக்கு மேலாக அவர் ஜுமாந்திக், அதாவது கொசுப்புழு பார்க்கிறவர். சம்பளத்துக்கான வேலை இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் தாங்களாக எடுத்துச் செய்வது. கையில் ஒரு டார்ச் விளக்கு, ஒரு அட்டை. குளியலறைத் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, குளிர்பெட்டியின் பின்னால் தண்ணீர் வடியும் தட்டு, பறவைக் கிண்ணம் என்று வீடு வீடாகப் பார்த்துக் குறிப்பார். அங்குள்ள வீடுகளில் குளியலறை மூலையில் ஓடு பதித்த தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பி, மொண்டு ஊற்றிக் குளிக்கிறார்கள். நல்ல தண்ணீர், நிழல், ஆள் நடமாட்டம். ஏடிஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? வடி, மூடு, புதை என்ற மூன்று கட்டளைகளை அந்த நாட்டுக் குழந்தைகள் பள்ளியிலேயே மனப்பாடம் செய்கின்றன. 1968-ல் சுரபாயாவிலும் ஜகார்த்தாவிலும் தலைகாட்டிய நோய், இத்தனைக்குப் பிறகும் போகவில்லை.

அந்த ஊரின் காஜா மாதா பல்கலைக்கழகத்தார் எடுத்த வழி வேறு. பூச்சிகளின் உயிரணுவுக்குள் வாழும் வோல்பாக்கியா என்றொரு பாக்டீரியா உண்டு. 1924-ல் ஹெர்டிக், வோல்பாக் என்ற இருவர் அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் கொசு ஒன்றில் அதைக் கண்டார்கள். பூச்சியினங்களில் ஏறக்குறைய பாதியில் அது இருக்கிறது. வாழைப்பழத் தட்டைச் சுற்றும் பழ ஈயில்கூட. டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டியில் மட்டும் இயற்கையாக இல்லை. ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓ'நீல் குழுவினர் பல வருஷம் போராடி, பழ ஈயின் வோல்பாக்கியாவை ஏடிஸ் முட்டைக்குள் நுண்ணூசியால் செலுத்தி நிலைக்கச் செய்தார்கள். அது குடியேறிய கொசுவின் உடம்பில் டெங்கு வைரஸ் எளிதில் பெருக முடிவதில்லை. தாயிடமிருந்து முட்டைக்கு அது தானாகப் போகும். வோல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் அந்த முட்டை பொரிக்காது. ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை வோல்பாக்கியா உள்ள கொசுவின் கையே ஓங்கும். ஊர்க் கொசுக்கள் முழுவதும் மாறிவிட்டால் பிறகு மறுபடி விட வேண்டியதில்லை.

இதைச் செய்ய ஒரு வாளி போதும். மூடி போட்ட சின்ன வாளி, பக்கத்தில் துளை, உள்ளே கொஞ்சம் தண்ணீர், முட்டை ஒட்டிய துண்டு, மீன் தீனி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். கொசு வளர்ந்து துளை வழியாகப் பறந்துவிடும். வாளியை வைத்துக்கொள்ளும் வீட்டாருக்கு 'வளர்ப்புப் பெற்றோர்' என்று பெயர். பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த தெருவில் போய், இந்தக் கொசுவை வளர்த்துக் கொடுங்கள் என்று கேட்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 2011-லிருந்து அவர்கள் அப்படிப் பேசிப் பேசித்தான் கதவுகளைத் திறந்திருக்கிறார்கள்.

பேராசிரியை ஆதி உதாரினி தலைமையில் நடந்த சோதனை, நகரத்தின் 26 சதுர கிலோமீட்டரை 24 துண்டாகப் பிரித்தது. எந்தப் பன்னிரண்டுக்கு வாளி, எந்தப் பன்னிரண்டுக்கு இல்லை என்பதை 2017 ஜனவரியில் ஊரார் முன்னிலையில் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள்.

"எங்கள் பக்கம் விழவில்லை, ம்பக்," என்றார் அந்த அம்மா.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வாளி வைத்த வீடு ஒன்றைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

ஆற்றுக்கு அந்தக் கரையில் அவருடைய நாத்தனார் வீடு. அங்கே வாளி இருந்தது. இங்கே இல்லை. ஏடிஸ் அதிக தூரம் பறக்கிற ஜாதி இல்லை. ஓர் ஆறோ பெரிய சாலையோ குறுக்கே கிடந்தால் பெரும்பாலும் இந்தப் பக்கத்தது இந்தப் பக்கத்திலேயே இருந்துவிடும். 2019-ல் அவருடைய பேரனுக்கு ஏழு வயது, காய்ச்சல். மூன்றாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனார். சோதனைக்காக ரத்தம் எடுத்தார்கள். கடந்த பத்து நாளில் பிள்ளை எங்கெங்கே போனான் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். பள்ளி, மசூதி, ஒருநாள் ஆற்றைத் தாண்டி அத்தைப் பாட்டி வீடு. டெங்குதான். நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"கோபம் வந்ததா?" என்று கேட்டேன். கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

"வராமல்? அந்தக் கரைப் பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றன, என் பேரன் சுருண்டு கிடக்கிறான். குலுக்கின கை யாருடையது என்றுகூட யோசித்தேன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதற்காக டார்ச்சை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க முடியுமா? அட்டையை எழுதிக்கொண்டுதான் இருந்தேன்."

முடிவுகள் 2021 ஜூனில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தன. வாளி வைத்த பகுதிகளிலிருந்து காய்ச்சலோடு வந்த 2,905 பேரில் 67 பேருக்கு டெங்கு. வைக்காத பகுதிகளின் 3,401 பேரில் 318 பேருக்கு. நோய் 77 சதவீதம் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தவர்கள் ஒரு பக்கம் 13, மறுபக்கம் 102. இந்த எண்களை நான் ஊரில் உட்கார்ந்து எத்தனையோ முறை படித்திருக்கிறேன். என் கண் எப்போதும் 67-க்கும் 13-க்கும்தான் போகும். அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் 318 என்பதும் ஆட்கள் என்று உறைத்தது. அவர்கள் இல்லாமல் அந்த 67-க்கு ஒரு பொருளும் கிடையாது. மருந்து கிடைத்தவர்கள் நன்றி சொல்லும் படங்கள் எல்லா இடத்திலும் வருகின்றன. கிடைக்காமல் காத்திருந்து, அந்தக் காத்திருப்பாலேயே உலகத்துக்கு ஓர் உண்மையை உறுதிசெய்து கொடுத்தவர்களுக்கு யார் கைகூப்புகிறார்கள்? நான் அங்கேயே கூப்பினேன். அந்த அம்மா சங்கடப்பட்டு, தேநீரை என் பக்கம் தள்ளிவைத்தார்.

சோதனை முடிந்து, கொரோனா காலத்தின் நடுவே, விடுபட்ட பகுதிகளுக்கும் வாளி போனது. அவருடைய வீட்டிலும் வைத்தார்கள். பேரன்தான் காவல், பூனை தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டானாம்.

பக்கத்து ஸ்லெமான் மாவட்டத்தில் இதே திட்டத்துக்கு 'சி வோலி ஞாமான்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஞாமுக் என்றால் கொசு, அமான் என்றால் ஆபத்தில்லாதது. இரண்டையும் சேர்த்தால் ஞாமான், சுகம். பெயர் வைக்கக்கூட மக்களின் பேச்சுக்குள் போய்த் தேடியிருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. எல்லா ஊரும் இப்படி இல்லை. 2023-ல் பாலித் தீவின் டென்பசாரில் ஜனங்கள் எதிர்த்ததால் திட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யோக்யகர்த்தாவில் பேசுவதற்கே சில வருஷங்கள் செலவழித்தார்கள். முட்டை கொசுவாக இரண்டு வாரம் போதும், நம்பிக்கைக்கு அது போதாது.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு வேர் இருக்கிறது. புதுச்சேரியில் உள்ள ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் உள்ளூர் ஏடிஸில் வோல்பாக்கியா உள்ள இரண்டு வகைகளை உருவாக்கிவிட்டதாக 2022-ல் அறிவித்தது. நான் அதைச் சொன்னதும் அந்த அம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அங்கே வீட்டுக்குள் வந்து தொட்டியைப் பார்க்கிறவர்கள் யார்? பெண்களா?" சிவப்புப் பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அபேட் மருந்து ஊற்றிப் போகும் எங்கள் தெருப் பணியாளர்களைப் பற்றிச் சொன்னேன். பெண்கள்தான் அதிகம் என்றேன். தலையசைத்துக்கொண்டார்.

மழை மறுபடி தூற ஆரம்பித்தது. எதிர்வீட்டுப் பெரியவர் வெளியே வந்து கயிற்றை அவிழ்த்துக் கூண்டை மெல்ல இறக்கினார். பெர்குதுத் சிறகைச் சிலுப்பிக்கொண்டது. அந்த அம்மா எழுந்து போய் டார்ச்சை அடித்துக் கிண்ணத்துக்குள் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். புழு ஒன்றும் இல்லை. இருந்தாலும் பெரியவர் அந்தத் தண்ணீரைக் கல்மேல் கொட்டி, கட்டைவிரலால் கிண்ணத்தை உள்ளே அழுத்தித் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினார். அந்த அம்மா அட்டையில் குறித்துக்கொண்டார்.