பட்டினி கிடந்து பிள்ளை வளர்க்கும் அப்பா மீன்

வாய் நிறைய குஞ்சுகளை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு மாதம் எதையும் தின்னாமல் இருக்கும் ஓர் அப்பா, கடலில் உண்டு. பெயர், பங்காய் கார்டினல் மீன். மிஞ்சிப்போனால் 8 சென்டிமீட்டர் நீளம். வெள்ளி உடம்பு, கறுப்புப் பட்டைகள், வெண்புள்ளி தூவிய துடுப்புகள் என்று பார்க்க அத்தனை அழகு!

இதன் சொந்த ஊர் இந்தோனேஷியா. சுலவேசிக்குக் கிழக்கே இருக்கும் பங்காய் தீவுகளின் ஆழமில்லாத கரையோரங்கள். அங்கே பவளப்பாறைகளுக்கும் கடற்புல்லுக்கும் நடுவே, நீண்ட முட்களோடு இருக்கும் கடல் முள்ளெலிகள்தான் இதற்கு வீடு. ஆபத்து என்றால் கூட்டமாக முட்களுக்குள் புகுந்துவிடும்.

பெண் மீன் இடுவது சில டஜன் முட்டைகளே. ஆண் மீன் உடனே அவற்றை வாயில் வாங்கிக்கொள்ளும். சுமார் 20 நாளில் குஞ்சு பொரிந்தாலும் வெளியே விடாது. இன்னும் ஏறக்குறைய 10 நாள் வாய்க்குள்ளேயே வளர்க்கும். அதன்பிறகு துப்பினால், குஞ்சுகள் நேராக முள்ளெலியிடமோ, கடல் சாமந்தியிடமோ அடைக்கலம் தேடும். தேடித்தான் ஆக வேண்டும். சொந்த இனத்துப் பெரிய மீன்களே அவற்றைத் தின்பது உண்டு.

இந்தப் பாசத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. பவளப்பாறையில் வாழும் பெரும்பாலான மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து, வேறு வேறு பாறைகளுக்குப் போய்க் குடியேறும். பங்காய் மீனோ பிறந்த இடத்தை விட்டு நகராது. ஓர் இடத்தில் எல்லாவற்றையும் பிடித்துவிட்டால், அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து யாரும் வர மாட்டார்கள்.

நடந்ததும் அதுதான். 1933-ல் அறிவியல் பெயர் சூட்டப்பட்ட இந்த மீனை உலகம் மறந்தே போயிருந்தது. 1994-ல் மீன் ஆய்வாளர் ஜெரால்டு ஆலன் மீண்டும் கண்டறிந்தார். அலங்கார மீன் சந்தை விழித்துக்கொண்டது. சில ஆண்டுகளிலேயே வருடத்துக்கு லட்சக்கணக்கில் பிடித்தார்கள். போதாக்குறைக்கு, வீடாக இருந்த முள்ளெலிகளையும் மனிதர்கள் அள்ளினார்கள். 2007-ல் இது அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால், நல்ல செய்தியும் உண்டு. நன்றாக வளர்ந்த பிறகே குஞ்சுகள் வெளியே வருவதால், இதைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைக்கலாம். அதனால், கடையில் இந்த மீனைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் ஒன்று கேட்கலாம்: “இது தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?”