பாசிப்பயறும் பழ அமிலமும்

ஹனூர்க் கடைத்தெருவில் சீயக்காய் என்று கேட்டாலும் புரியும், சீகேகாயி என்று கேட்டாலும் புரியும். 1956 நவம்பர் 1-ம் தேதி மைசூர் மாநிலத்தோடு சேரும்வரை கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஹனூர் அப்போது அதில் ஒரு பகுதி. 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது. எல்லைகள் மாறின, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் மாறவில்லை. தமிழ் வீட்டில் பாசிப்பயறு மாவு; கன்னட வீட்டில் அதுவே ஹெசரு ஹிட்டு. முழங்கையில் தேய்த்தால் திரிதிரியாக வருவதைப் பாட்டிமார் அழுக்கு என்பார்கள். அழுக்கோடு கலந்து வருவது செத்த தோல்.

தோலின் அடியடுக்கில் பிறக்கும் செல் மேலே வந்து, செத்து, உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகிறது. வயது ஏற ஏற இந்த வேகம் குறையும். முகம் சொரசொரப்பாகி, களையிழந்து தெரியும். அழகு நிலையங்கள் விற்பது இந்த உதிர்தலுக்கான அவசரத்தைத்தான்.

அவசரம் புதிதல்ல. ஜெர்மானியத் தோல் மருத்துவர் பால் உன்னா 1882-லேயே சாலிசிலிக் அமிலத்தால் தோலுரிப்பது பற்றி எழுதினார். 1974-ல் அமெரிக்காவில் வான் ஸ்காட்டும் யூவும் பழ அமிலங்களைச் சோதித்தது, மீன் செதில்போலத் தோல் வெடிக்கும் நோய்க்காக. நோயாளிக்கு வந்த மருந்து மணப்பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது! கரும்பில் இருப்பது கிளைகாலிக் அமிலம், தயிரைப் புளிக்க வைப்பது லாக்டிக் அமிலம். பயற்றமாவில் தயிர் குழைத்த பாட்டியும் இதே குடும்பத்து அமிலத்தைத்தான் பூசினாள். வித்தியாசம் அளவில்.

அந்த அளவில்தான் வில்லங்கமும். 'கெமிக்கல் பீல்' செய்யும் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சில நிமிடங்களில் அமிலத்தை முறித்துக் கழுவிவிடுவார். பழகாத கை சற்றுத் தாமதித்தால் தோல் வெந்துபோகும். வெள்ளைத் தோலில் சிவந்து அடங்கிவிடக்கூடிய காயம், நம் மாநிறத்திலும் கறுப்பிலும் கரும்புள்ளியாக மாதக்கணக்கில் தங்கலாம். மெலனின் அதிகமுள்ள தோலின் சுபாவம் அது. கருமை போக்கப் போனவள் புதுக் கருமையோடு திரும்புவாள்.

பிறகு, சில வாரங்களுக்கு வெயில் படக்கூடாது என்பார்கள். ஹனூர்ப் பக்கம் ராகிக் காட்டில் களையெடுக்கும் பெண்ணுக்கு இது எப்படி முடியும்? சிகிச்சைக்குப் பணம் சேர்த்துவிடலாம், நிழலுக்கு எங்கே போவது? மாப்பிள்ளை வீட்டார் நிறம் கேட்பதால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் பார்லருக்கு ஓடுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் முறை உரிப்பதற்கு அதைவிட மோசமான வாரம் வேறில்லை. செதில் செதிலாக உரியும் முகத்தின் மேல்தான் மணமேடையில் மஞ்சள் பூசுவார்கள்.