முட்டையின் நிழல்

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நாங்கள் எழுவர் அந்த மாடிப்படி ஏறுவோம். கீழே பாத்திரக்கடை, மேலே ஒளிப்பட நிலையம். எழுவரில் இருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். நாற்பதைக் கடந்தபின் மாணவராக உட்காருவதில் ஒரு கூச்சம் உண்டு; வருகைப்பதிவேட்டில் பெயர் அழைக்கப்படும்போது ‘உள்ளேன் ஐயா’ என்பதில் இரகசியமான மகிழ்ச்சியும் உண்டு. பன்னிரண்டு வாரப் பயிற்சி அது. பகல் வெளிச்சத்தில் படமெடுக்க ஓரளவு பழகியிருந்த நாங்கள், அறைக்குள் வெளிச்சத்தை உண்டாக்கிப் படமெடுக்கக் கற்றுக்கொள்ளச் சென்றிருந்தோம்.

முதல் நாள் விளக்குகள், குடைகள், திரைகள் எல்லாவற்றையும் காட்டுவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஆசிரியர் சன்னல்களை அடைத்தார். மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் ஒரு கோழிமுட்டையை வைத்தார். ஒரே ஒரு விளக்கு. “இதை எடுங்க” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

விளக்கைக் கேமராவின் பக்கத்திலேயே வைத்து எடுத்தோம். படத்தில் இருந்தது முட்டையன்று. வெள்ளைத் தாளில் ஒட்டிய ஒரு வெள்ளைப் பொட்டு. விளக்கைக் கூட்டினோம், பொட்டும் மறைந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, எங்களில் இளையவனான அந்தக் கல்லூரி மாணவன், விளக்கை இடப்பக்கமாக இழுத்து வைத்தான். முட்டையின் வலப்பக்கத்தில் மெல்ல ஒரு நிழல் ஏறியது. முட்டை உருண்டது. அதை உருட்டியது வெளிச்சம் மட்டுமன்று, வெளிச்சம் போய்ச் சேராத இடமும்தான் என்று அன்று புரிந்தது.

அடுத்த வாரங்களில் விளக்கின் இலக்கணம் படித்தோம். முகத்துக்கு விளக்கு எவ்வளவு பெரிதாக, எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு நிழலின் விளிம்பு மென்மையாகும். சூரியன் பெரியதுதான், ஆனால் தொலைவில் இருப்பதால் உச்சிவெயிலில் நிழல் வெட்டியதுபோல விழுகிறது. மேகம் மூடினால் வானமே விளக்காகி நிழல் கரைந்துவிடுகிறது. விளக்கை இரு மடங்கு தள்ளிவைத்தால் வெளிச்சம் பாதியாகும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். பாதியன்று, கால்பங்கு. மூன்று மடங்கு தள்ளினால் ஒன்பதில் ஒரு பங்கு. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த விதி, இங்கே ஒருவரின் கன்னத்தில் விழுந்து கிடந்தது. நிழல் மிகக் கறுத்துப்போனால் அதைச் சற்றே தணிக்க எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை போதும். விலை உயர்ந்த கருவிகளுக்கு நடுவே அந்த அட்டையைத்தான் நாங்கள் அதிகம் நம்பினோம்.

ஐந்தாம் வாரம் மனித முகம். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் வழங்கும் ஒளியமைப்பைச் செய்து பார்க்கவேண்டும். விளக்கு முகத்துக்குப் பக்கவாட்டில் ஏறத்தாழ 45 பாகையில், தலைக்குச் சற்று மேலே. நிழல் விழுந்த கன்னத்தில், கண்ணுக்குக் கீழே சிறு முக்கோணமாக வெளிச்சம் தங்கவேண்டும். யார் உட்காருவது என்ற தயக்கத்தில், முட்டையை உருட்டிய அந்த மாணவனையே உட்காரவைத்தோம். நல்ல கறுப்பு நிறம். முக்காலியில் அமர்ந்ததும், “கொஞ்சம் வெளுப்பா வர்ற மாதிரி லைட் வைங்க சார்” என்றான்.

நாங்கள் அதைக் கேட்டு வியக்கவில்லை. அதுதான் உண்மை. ரெம்பிராண்டை மறந்து, கேமராவின் இருபுறமும் சம அளவில் இரண்டு விளக்குகளை நேராக வைத்து வெளிச்சத்தைக் கொட்டினோம். படத்தில் முகம் வெளுத்திருந்தது. மூக்கின் தண்டும் தாடையின் விளிம்பும் காணாமற்போயிருந்தன. அவன் திரையைப் பார்த்து, “நல்லா இருக்கு சார்” என்றான்.

ஆசிரியர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, இதுல நீங்க எங்க இருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு விளக்கை அணைத்தார். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி பொருளிலிருந்து திரும்பிவரும் ஒளியை அளக்கிறது. எதைக் காட்டினாலும் அது ஏறத்தாழ 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கொள்கிறது. கறுத்த முகம் சட்டகத்தை நிறைத்தால் அதை வெளுக்கவைக்கும். வெளுத்த முகத்தைக் கறுக்கவைக்கும். அவர் கையிலிருந்த ஒளிமானியை அவனது மோவாயருகே பிடித்தார். அது முகத்தின்மேல் வந்து விழும் ஒளியை அளப்பது. முகம் என்ன நிறம் என்று அது கேட்பதில்லை.

பெரிய சாஃப்ட்பாக்ஸ் ஒன்றைப் பக்கவாட்டில் அருகே கொண்டுவந்தார். கறுத்த தோலில் மினுக்கம் எடுப்பாகத் தெரியும். ஆகவே வெளிச்சத்தைக் கூட்டுவதைவிட, அது எந்தக் கோணத்தில் பட்டு லென்சுக்குத் திரும்புகிறது என்பதே கவனிக்கவேண்டியது என்றார். அடுத்த படத்தில் அவனுடைய கன்ன எலும்பும் நெற்றியும் தாடையும் செதுக்கியதுபோல எழுந்து நின்றன. அவன் நெடுநேரம் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அதைத் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னான்.

குற்றத்தைக் கருவியின்மேல் போடலாம். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கிப் பல பத்தாண்டுகள், வண்ணப்பட அச்சுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் வழங்கிய அட்டைகளில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷெர்லி அட்டைகள் என்று அவற்றுக்குப் பெயர். பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டைகள் 1990களில்தான் வந்தன. ஆனால் எங்களுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

சங்க அகப்பாடல்களில் தலைவியின் நிறம் மாமை. மாந்தளிரின் நிறம் என்று அதை விளக்குவோம். பிரிவில் அது கெட்டு மேனியில் வெளிறிப் படர்வது பசலை. பசப்புறு பருவரல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். வெளிறுதல் நோய் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவந்தவர்கள், ஒளிப்பட நிலையத்தில் அந்த நோயையே அழகென்று கேட்டு வாங்கியிருக்கிறோம். எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அதற்குச் சான்று தொங்கியது. அம்மா இறந்தபோது, படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிடக் கொடுத்த இடத்தில் ‘கொஞ்சம் வெளுப்பாகப் போடுங்கள்’ என்று சொன்னது கடைக்காரர் அல்லர், பிள்ளைகளாகிய நாங்கள்தான். பதினோரு ஆண்டுகளாக நாங்கள் பூ வைத்தது பசலை பாய்ந்த ஒரு முகத்துக்கு.

பயிற்சியின் கடைசி வாரங்களில் ஒன்றில், பழைய படத்தைப் படமெடுக்கும் முறை கற்றோம். படத்தின் இருபுறமும் 45 பாகையில் இரு விளக்குகள், சம தொலைவில். அப்போதுதான் தாளின் பளபளப்பு கேமராவுக்குள் தெறிக்காது. டிரங்குப் பெட்டியிலிருந்து, ஒரு கல்யாண வீட்டில் எடுத்த அம்மாவின் சிறிய மூலப்படத்தைத் தேடிக் கொண்டுபோனோம். பந்தியில் யாரையோ திரும்பிப் பார்க்கிறார். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்திருக்கிறது. எடுத்தவர் அறிந்தோ அறியாமலோ, கண்ணுக்குக் கீழே அந்தச் சிறு முக்கோணம். நிறத்தைத் தொடாமல் அப்படியே அச்சிட்டோம்.

புதிய படத்தை மாட்டிய அன்று ஊரிலிருந்து வந்திருந்த அண்ணன், “ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு?” என்றார்.

“அம்மா அந்த நிறம்தானே அண்ணா.”

அவர் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து நாற்காலியைப் படத்துக்கு எதிரே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பழைய படத்தைத் தூக்கி எறிய இன்னும் எங்களுக்கு மனம் வரவில்லை. செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறோம்.