ஏரி கொடுத்தால்தான் ஆற்றுக்கு

சைதாப்பேட்டையை விட்டு மின்சார ரயில் கிண்டிக்குக் கிளம்பியதும் பெட்டிக்குள் ஒரு சடங்கு நடக்கும். பாதிப் பேரின் கை மூக்குக்குப் போகும். பாலம் தாண்டியதும் இறங்கிவிடும். தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடையாற்றை நானும் இப்படித்தான் கடந்துகொண்டிருந்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அரை நிமிடத்தில்.

ஒரு ஐப்பசி மாதக் காலையில் சிக்னல் விழாமல் ரயில் பாலத்தின் மேலேயே நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் கீழே பார்த்தேன். கரையோரம் ஒரு பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆற்றில் மீனா? ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போய் விசாரித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அவரிடம் இருந்தது மூங்கில் குச்சி, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை. ஒரு டப்பாவில் மண்புழு, இன்னொன்றில் மைதா உருண்டை. பக்கத்து வாளியில் ஏழெட்டு ஜிலேபிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"எல்லாமே ஜிலேபியா இருக்கே?"

"அது எங்க வுட்டாலும் பொழைச்சுக்கும் சார்."

ஊருக்கு ஊர் கிடைக்கிற இந்த ஜிலேபி நம் ஊர் மீன் இல்லை. ஆப்பிரிக்காவின் திலாப்பியா. ஏழைக்கு மலிவாகப் புரதம் கிடைக்கும் என்ற நல்ல எண்ணத்தில் 1952-இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. சில மாதங்களிலேயே இனம் பெருக்கத் தொடங்கிவிடும். முட்டையைத் தாய் வாயிலேயே வைத்துக்கொண்டு பொரிக்கும், குஞ்சுகளையும் ஆபத்து என்றால் வாய்க்குள் அழைத்துக்கொள்ளும். அடியெல்லாம் கறுப்புச் சேறு மூடிய ஓர் ஆற்றில் இதைவிடப் பெரிய சாமர்த்தியம் வேண்டுமா? மற்ற மீன்கள் பலவற்றின் முட்டை சேற்றில் விழுந்து மூச்சுமுட்டிப் போகும். ஜிலேபியின் தொட்டில் தாயோடு நடமாடுகிறது.

ஜிலேபியை விட்டால் இங்கே தாக்குப்பிடிப்பவை நம் விரால், கொரவை, பனையேறிக் கெண்டை. இவற்றுக்கும் ஒரு சாமர்த்தியம் உண்டு. செவுளை மட்டும் நம்பியிருக்காமல் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும். 1791-இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதிவைத்தார். ஐரோப்பாவில் அதைப் பற்றி நெடுங்காலம் வாதம் நடந்தது. நம் ஆட்களோ மீனின் பெயரிலேயே பனையை ஏற்றிவிட்டார்கள்.

பெரியவர் பேசிக்கொண்டிருந்தபோதே தண்ணீரில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம். "வெரால் மூச்சு வாங்குது" என்றார். எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அதே காற்றை எட்டிப் பிடிக்கத்தான் அது மேலே வருகிறது.

"பரவாயில்லையே, ஆத்துல இன்னும் மீன் இருக்கே" என்றேன் ஆறுதலாக.

"ஆத்துல இன்னா சார் கீது? ஏரி குட்த்தாதான் ஆத்துக்கு."

இந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அடையாறு மலையில் பிறந்த ஆறு இல்லை. ஆதனூர்ப் பக்கம் ஏரி நீராகத் தொடங்கி, செம்பரம்பாக்கத்தின் உபரியையும் வாங்கிக்கொண்டு, சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேருகிறது. ஒரு ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்கு, அது நிரம்பி வாய்க்காலுக்கு, வாய்க்கால் ஆற்றுக்கு. ஆறு என்று நாம் சொல்வது உண்மையில் ஏரிகளைக் கோத்த கயிறு. புதுத் தண்ணீரைக் கண்டால் மீன்கள் எதிர்த்து ஏறி ஏரிக்கும் வயலுக்கும் போய் முட்டையிடும். வெள்ளம் வடியும்போது குஞ்சுகள் இறங்கி வரும். மீனுக்கு ஆறு தெரு, ஏரிதான் வீடு. ஏரியைத் தூர்த்து மனை போட்ட ஒவ்வொரு முறையும் நாம் ஆற்றில் ஒரு வலை வீசியிருக்கிறோம், திரும்ப எடுக்காத வலை.

ஏரி கொடுக்கும் விதத்தை 2015 டிசம்பரில் எல்லோருமே பார்த்தோம். செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறந்த அந்த இரவுக்குப் பிறகு எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வாசல் கேட்டில் ஒரு கட்லா முட்டி நின்றது. கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து மீன்கள். ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும், தேங்கிய ஏரியில் இடாது. 1957-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றி, கெண்டை இனங்களைக் குளத்திலேயே முட்டையிடவைத்தார். அதற்குப் பிறகு நாடெங்கும் குத்தகை ஏரிகளில் இந்தக் குஞ்சுகள்தாம். இன்று சைதாப்பேட்டை மார்க்கெட்டில் "ஏரி மீனு, ஏரி மீனு" என்று கூவி விற்பதில் நிறைய, ஆந்திராவின் பண்ணைகளிலிருந்து லாரியில் வருகிறது. ஆற்றின் கரையிலேயே இருந்துகொண்டு வேறு மாநிலத்துக் குளத்து மீனைச் சாப்பிடுகிறோம்.

மழை எப்போதும் கொடுப்பதில்லை என்பதையும் பெரியவர்தான் சொன்னார். கோடைக்குப் பிறகு வருகிற முதல் மழை எமன். சாக்கடைகளில் தேங்கியதெல்லாம் ஒரே நாளில் ஆற்றில் இறங்கும், அடிச் சேறு கலங்கும், தண்ணீரில் பிராணவாயு இல்லாமல் போகும். எங்கே விட்டாலும் பிழைக்கிற ஜிலேபிகூட அன்றைக்கு வெள்ளை வயிறு காட்டி மிதக்கும். இரண்டாவது, மூன்றாவது மழைக்குத்தான் அவர் தூண்டிலை எடுப்பார். வெயில் காலத்தில் இந்தப் பக்கமே வரமாட்டார். வேறு தொந்தரவும் உண்டு. கண்ணாடித் தொட்டியில் பாசி தின்னட்டும் என்று வாங்கிய 'டேங்க் கிளீனர்' மீன் கை நீளம் வளர்ந்ததும், பாவம் பார்த்து நீர்நிலையில் விட்டுவிடுகிறார்கள். அதன் முள் பட்டால் வலை கிழியும். தின்னவும் ஆள் இல்லை, விற்கவும் வழி இல்லை.

"நீங்க சாப்பிடுவீங்களா, பெரியவரே?"

"மூணு நாள் நல்ல தண்ணில வுட்டு வெச்சு, அப்பால தான். வூட்ல பேரப்புள்ளைக்கு மட்டும் குடுக்கமாட்டேன்."

போன கார்த்திகையில் ஒரு நாள் ஆகாயத்தாமரை ஓரம் தண்ணீர் செம்பு நிறத்தில் கொதிப்பதுபோல் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஆயிரக்கணக்கான பொடிக் குஞ்சுகள். அடியில் ஜோடி விரால் காவலுக்கு. தூண்டிலைக் குஞ்சுகளுக்கு நடுவே போட்டால் தாய் பாய்ந்து கவ்வும் என்று எல்லாத் தூண்டில்காரருக்கும் தெரியும். ஒன்றரைக் கிலோ தேறும். நான் அவர் கையைப் பார்த்தேன். நரம்பைச் சுற்ற ஆரம்பித்தார்.

"குஞ்சோட கீறப்போ புடிக்கக் கூடாது சார். அது போச்சுன்னா இத்தினியும் ஜிலேபி துன்னுட்டுப் பூடும்."

வாளியைத் தூக்கிக்கொண்டு, இருபது அடி தள்ளிப் போய் உட்கார்ந்தார். ஆற்றின் மீன்வளத்துக்கு அன்று அங்கே அமலில் இருந்த சட்டம் அந்த இருபது அடிதான்.

நாற்றம் குறைந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ரயில் பாலத்தில் ஏறியதும் என் கை இன்னமும் மூக்குக்குத்தான் போகிறது. ஆனால் இப்போது சைதாப்பேட்டையிலேயே எழுந்து வாசல் பக்கம் வந்துவிடுகிறேன். ஆகாயத்தாமரை ஓரத்தில் எங்காவது செம்பு நிறம் தெரிகிறதா என்று தேட அரை நிமிடம் போதவில்லை.