சுமை தூக்குபவரின் நாடி

உடற்பயிற்சி உடலியங்கியலில் முதுகலை சேர்ந்தேன் என்றதும் எங்கள் தெருவில் கேட்ட முதல் கேள்வி, "ஜிம் வெக்கப் போறியா?" என்பதுதான். அப்பா எதுவும் கேட்கவில்லை. சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கூடையும் ஐஸும் தூக்குபவர் அவர். அவருடைய உடம்பு எதைத் தாங்குகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் அந்தப் படிப்பில் சேர்ந்தேன். இதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

ஹார்வர்டு படிச் சோதனை எங்களுக்கு ஆரம்பப் பாடம். 20 அங்குல உயரப் பலகையில் நிமிடத்துக்கு 30 தடவை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்கி, பிறகு உட்கார்ந்து நாடியை எண்ண வேண்டும். 1943இல் உடலியங்கியலாளர் லூசியன் புரூஹா கல்லூரி மாணவர்களுக்காக வகுத்தது. பாடநூல் அவரை அத்தோடு விட்டுவிடும். அவரோ பிறகு தொழிற்சாலைத் தொழிலாளர்களின் நாடியை எண்ணப் போனார். 1960இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவருடைய விதி இதுதான்: வேலையை நிறுத்தி உட்கார்ந்ததும், முதல் நிமிடத்தில் நாடி 110க்குள் இருக்க வேண்டும். மூன்றாம் நிமிடத்துக்குள் குறைந்தது 10 துடிப்பாவது இறங்கியிருக்க வேண்டும். இறங்க மறுத்தால் அந்த வேலை அந்த உடம்புக்கு அதிகம்.

காசிமேடு இருக்கும் ராயபுரத்துக் காற்றின் ஈரத்தில் வியர்வை வழியுமே தவிரக் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தசைக்கும் தோலுக்கும் சேர்த்து இதயம் ரத்தம் அனுப்பியாக வேண்டும். சுமை அதேதான், துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

8 மணி நேரம் தொடரும் வேலை ஒருவரின் உச்சத் திறனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது இத்துறையின் பழைய கணக்கு. விளையாட்டு வீரருக்குப் பயிற்சிக்குப் பின் ஓய்வு உண்டு. உடம்பு வலுப்பெறுவதே அந்த ஓய்வில்தான். மூட்டை தூக்குபவருக்கு ஏது ஓய்வு? ஓய்வுநேரப் பயிற்சி இதயத்தைக் காப்பதுபோல் வேலையின் பளு காப்பதில்லை என்று டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மானின் ஆய்வுக் குழு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 'உழைக்கிற உடம்புக்கு நோய் வராது' என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்வது நியாயமே இல்லை.

புரூஹாவின் விதியை அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குந்தறதுக்கு நேரம் எங்கடா கீது? கூடைக்குத்தானே காசு." இரண்டு வருடப் படிப்பில் எந்த வகுப்பிலும் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கூலி கூடைக்கணக்கில் இருக்கும்வரை அந்த மூன்று நிமிடத்தை யார் தருவார்கள்? நாடிக் கணக்கும் கூலிக் கணக்கும் ஒரே கணக்குதான்.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கினார். நூறாண்டுக்கு மேலாக விளையாட்டு வீரரின் உடம்பைப் படித்த நகரம் இது; சுமை தூக்குபவரின் உடம்பையும் படிக்கட்டும். ஆய்வுத் தலைப்பு தேடும் தம்பி, தங்கைகளே, காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் வாருங்கள். ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். ஏற்றியிறக்க ஆள் வைப்பவர்களே, அவர்கள் உட்காரும் நிமிடங்களுக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.